வாரிசும் வழக்கும் – 14: உடையவர் தெரியாத உடைமை

உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரு தரப்பார் அதை இறந்தவரின் கடைசி விருப்பம் என்றும், மறு தரப்பார் அது கட்டாயத்தினாலோ வஞ்சனையினாலோ பிறந்த காகிதம் என்றும் வாதாடிக்கொண்டிருக்கும் நெடிய காலத்தில், இறந்தவரின் ஆஸ்தியைப் பரிபாலிக்க வேண்டியவர் யார் என்ற வினா எஞ்சி நின்றது. சட்டப் புத்தகத்தில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும் இந்த விஷயம், வியாஜ்யத்தில் அகப்பட்ட குடும்பங்களின் அநுபவத்தில் உயிலைக் காட்டிலும் பெரிதாகி விடுகிறது.

வழக்கு வாய்தாவுக்கு வாய்தா நகரலாம். ஆஸ்தி அப்படிக் காத்திருப்பதில்லை. குடியிருப்பவர் வாடகையைக் கொண்டுவந்து நீட்டுகிறார், ரசீதில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இல்லை. வீட்டு வரிக்குக் கெடு நெருங்குகிறது. பாங்குக் கணக்கோ இறந்தவர் பெயரிலேயே முடங்கிக் கிடக்கிறது. கம்பெனியின் வருடாந்தரப் பொதுக்கூட்டம் கூடுகிறது. இறந்தவரின் பங்குகளுக்குரிய வோட்டைப் போடுகிறவர் யார் என்று இரு தரப்பு வக்கீல்களும் மோதிக்கொள்கிறார்கள். இந்நிலையில், சாவிக்கொத்து எவர் கையில் அகப்பட்டதோ அவர் வழக்கில் நாளைக்குத் தோற்றுப்போனாலும், அதுவரையில் வந்த வருமானத்தை அநுபவித்தவராகிறார். ஜெயித்தவர் கையில் வந்து சேருவது மெலிந்துபோன ஆஸ்தியே.

இதற்குப் பரிகாரமாகவே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தன் 247-ஆம் பிரிவை வைத்திருக்கிறது. உயிலின் செல்லுபடியைப் பற்றியோ, உயிலை மெய்ப்பித்துப் பெறும் புரொபேட்டையோ நிர்வாகப் பத்திரத்தையோ பெறுவது அல்லது ரத்துச் செய்விப்பது பற்றியோ வழக்கு நடக்குங்கால், நீதிமன்றம் அந்த ஆஸ்திக்கு ஒரு நிர்வாகியை நியமிக்கலாம் என்றும், பொது நிர்வாகி ஒருவருக்குள்ள சகல அதிகாரங்களும் அவருக்கு உண்டென்றும், ஆனால் ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் கிடையாதென்றும், அவர் நீதிமன்றத்தின் நேரான கட்டுப்பாட்டில் அதன் உத்தரவுப்படியே நடக்க வேண்டுமென்றும் அப்பிரிவு விதிக்கிறது. இங்கிலாந்தில் உயில் விவகாரங்கள் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து பிரிக்கப்பட்ட 1857-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கொத்த ஏற்பாடு உண்டு.

மறுக்கப்பட்ட அந்த ஓர் அதிகாரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வாடகை தண்டலாம், கடனை வசூலிக்கலாம், வழக்குத் தொடரலாம், பழுதான கூரையைச் செப்பனிடலாம்; ஆயினும் ஒருவருக்கும் ஒரு பங்கையும் எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. இன்னார் என்று இன்னும் தீர்மானமாகாத ஓர் உடையவருக்காக, அவர் வந்து கேட்கும் நாளில் ஒரு காசும் குறையாமல் ஒப்படைக்கும் பொருட்டு, இடையில் வந்த அந்நியர் ஒருவர் காவல் இருக்கிறார். இவ்வளவு தூய்மையான பொறுப்பு சட்டத்தில் வேறு அதிகம் இல்லை.

கேட்ட மாத்திரத்தில் நீதிமன்றம் இந்த நியமனத்தைச் செய்துவிடுவதில்லை. வழக்கு மெய்யானதா, ஆஸ்திக்குக் காவல் அவசியமா என்று பார்க்கும். உயிலிலேயே அதை நிறைவேற்றுபவராக ஒருவர் குறிக்கப்பட்டிருந்தால், இறந்தவர் நம்பிய அந்த மனிதரைத் தக்க காரணமின்றி விலக்குவதற்கு நீதிபதிகள் தயங்குவர். அவரும் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கல்கத்தாவின் பிர்லா வழக்கைப் போன்ற திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

மாதவ பிரசாத் பிர்லா 1990-இல் காலமானார். சிமெண்டு, கேபிள் முதலிய தொழில்களில் அவர் வழிவந்த பெருஞ்செல்வத்தின் தலைமை அவருடைய மனைவி பிரியம்வதா தேவியிடம் வந்தது. தம்பதிகளுக்குச் சந்ததி இல்லை. 2004 ஜூலையில் அம்மையார் காலமானபின், 1999-இல் எழுதப்பட்டதாக ஓர் உயில் வெளிவந்தது; அது ஆஸ்தியைக் கணக்குத் தணிக்கையாளரான ராஜேந்திர சிங் லோதாவுக்கு அளித்தது. தம்பதிகள் 1982-இல் தங்கள் செல்வம் தர்மத்துக்கே சேரவேண்டுமென்று உயில் எழுதியிருக்கிறார்கள் என்று பிர்லா குடும்பத்தார் எதிர்த்தனர். உயிலை எதிர்த்து நிற்கும் பாத்தியதை எவருக்கு உண்டு என்ற கிளை வினா ஒன்றே உச்ச நீதிமன்றம் வரையில் சென்று 2008-இல்தான் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் லோதாவும் காலமாகிவிடவே, வழக்கு அவருடைய மக்கள் கைக்கு வந்தது. உயிலை நிறைவேற்றுபவர் என்ற ஸ்தானம் சூனியமாயிற்று. கல்கத்தா உயர் நீதிமன்றம் மூவர் கொண்ட நிர்வாகக் குழுவை அமைத்தது 2012-இல். முன்னாள் நீதிபதி ஒருவரோடு, தரப்புக்கு ஒருவராக இருவர்.

இந்த ஏற்பாட்டின் இரண்டு அம்சங்கள் எனக்குச் சம்மதமில்லை. ஸ்தானம் சூனியமாகி நான்கு ஆண்டுகள் சென்றபின் வருகிற காவல் மிகவும் தாமதமான காவல். உயிலின் மீது ஆட்சேபணை பதிவாகும்போதே, ஜாபிதா எடுக்கவாவது ஒருவரை நியமித்துவிடுவது நல்லது. தரப்புக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வதோ, நீதிமன்றத்தில் நடக்கும் சண்டையை நிர்வாக அறைக்குள்ளும் கொண்டுவந்து அமர்த்துவதாகும். இரு தரப்புக்கும் அந்நியரான ஒருவர் தனியே இருந்தால் போதும் என்பது என் துணிபு.

பிர்லா வழக்கில் இன்னுமொரு சிக்கலும் முளைத்தது. ஆஸ்தி என்பது அம்மையார் பெயரிலிருந்த பங்குகள் மட்டுமா, அல்லது அப்பங்குகளின் பலத்தால் பற்பல கம்பெனிகளின்மீதும் தர்ம ஸ்தாபனங்களின்மீதும் அவர் செலுத்திவந்த ஆதிக்கமுமா? ஆதிக்கமும் ஆஸ்தியே என்றால், தற்காலிகக் காவலாளர் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் எஜமானராகிவிடுகிறார். அன்று என்றால், மரத்தைக் காவல் காத்துக் கனியை விட்டவராகிறார். 2020 செப்டம்பரில் தனி நீதிபதி ஒருவர், லோதாவின் குமாரர் ஹர்ஷ் லோதா அந்தத் தொழில் குழுமத்தில் எப்பதவியும் வகிக்கலாகாது என்று தடை விதித்தார். 2023 டிசம்பரில் இருவர் அமர்வு அத்தடையை நீக்கி, கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடலாகாது என்றது. இரண்டாவது தீர்ப்பே நியாயமென்று எனக்குப் படுகிறது. கம்பெனிக்கு அதற்கென்று ஒரு சட்டமும், வழக்கோடு சம்பந்தமே இல்லாத பல்லாயிரம் பங்குதாரர்களும் உண்டு. காவலாளர் தம் கையிலுள்ள பங்குகளுக்குரிய வோட்டைப் பொதுக்கூட்டத்தில் போட்டுவிட்டு, மேற்கொண்டு நடப்பதைக் கம்பெனிச் சட்டத்துக்கு விட்டுவிடலாம். அத்தீர்ப்பு வந்த நாளிலும், அம்மையார் காலமாகிப் பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தும், 1999-ஆம் ஆண்டு உயில் மெய்யானதா என்ற மூல வழக்கு முடிவு காணவில்லை.

உயிலே இல்லாமல், அந்நியர் ஒருவர் ஆஸ்திக்குள் புகுந்துவிட்ட இடத்தில், மாவட்ட நீதிபதி நியமிக்கும் காப்பாளரைப் பற்றி 192-ஆம் பிரிவில் தொடங்கும் பகுதி பேசுகிறது. அது அடுத்த வாரத்துக்கு.