டானிக்கின் கசப்பும் ஊவாவின் சிங்கோனாவும்

பெர்ரிப் பழத்தை நசுக்கி, ஜின்னும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து, மேலே டானிக்கை ஊற்றினால் கலவை தயார். பழத்தையும் ஜின்னையும் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. கசப்பைத் தரும் டானிக்கைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: அதிலுள்ள குயினைன் வெள்ளைக்காரத் துரைமாரை மலேரியாவிலிருந்து காத்ததாம். கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. டானிக்கில் லீட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் கூடாது என்பது அமெரிக்க விதி. மலேரியா கண்டவருக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் வேண்டும். 20 லீட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். 1858இல் இராஸ்மஸ் பொண்ட் என்பவர் காப்புரிமை பெற்ற அந்தக் காலத்து டானிக் இதைவிடக் கடுமையாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். நான்கு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து லீட்டருக்கு மேல். நோய் வராமல் தடுக்க அக்காலத்தில் கொடுத்த 325 மில்லிகிராமுக்கே அதில் தினமும் ஒரு லீட்டர் வேண்டும். மாலையில் அருந்தும் ஒன்றிரண்டு குவளை அந்த அளவை எட்டாது. காத்தது குவளையல்ல, தூளாகக் கொடுக்கப்பட்ட குயினைன்.

அந்தக் குயினைன் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. 1869இல் இலங்கையின் ஊவாவில், பதுளைக்கு அப்பால் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் துரு நோய் முதலில் தென்பட்டது. கோப்பி விழ, தோட்டக்காரர் பலர் சிங்கோனாவுக்கு மாறினார்கள். ஊவாவை நோக்கி நிற்கும் ஹக்கலத் தோட்டத்தை அரசு 1861இலேயே இதற்கென்று தொடங்கியிருந்தது. அப்புத்தளைப் பக்கத்து மலைகளிலும் சிங்கோனா ஏறியது. இந்த மரத்தின் விந்தை, பட்டை உரித்தாலும் சாகாமல் மறுபடி உரிக்கக் கொடுப்பது. நீலகிரியில் மெக்ஐவர் என்பவர் பட்டையை நெடுக்குவாட்டில் கீற்றுக் கீற்றாக, இடையிடையே விட்டு உரித்து, உரித்த இடத்தைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவதுபோல ஈரப் பாசியால் மூடினார். வெயில் படாமல் வளர்ந்த புதுப் பட்டையில் குயினைன் பழையதைவிடக் கூடுதலாக இருந்தது. மரத்தை வெட்டாமலே விளைச்சல் பெறும் இந்தப் பொறுமையான வழியை, விலை ஏறியபோது எல்லோரும் பின்பற்றவில்லை. மரத்தோடு பிடுங்கியவர்களும் உண்டு. ஜாவாவின் செறிவான பட்டையும் இலங்கைப் பட்டையும் சந்தையில் குவிய, விலை சரிந்தது. அந்த நிலங்களில் தேயிலை வந்தது.

மலை உச்சியில் மலேரியா குறைவுதானே, பட்டை உரித்த தோட்டத் தொழிலாளருக்குக் குயினைன் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்தத் தொழிலாளர் மலைக்குப் பறந்து வரவில்லை. மன்னாரில் இறங்கி, காய்ச்சல் நிறைந்த காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். 1934-35இல் தீவின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். இத்தனைக்கும் இந்தத் தீவு ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கே பட்டை அனுப்பியது. துரைமாரின் குவளையை நினைவில் வைத்திருக்கும் நூல்கள் அந்தப் பட்டையை உரித்த கைகளை எழுதாமல் விட்டது பெரும் பிழை. மலேரியாவை இங்கிருந்து விரட்டியதும் கிராமம் கிராமமாக மருந்து தெளித்து, இரத்தம் சோதித்து, ஒவ்வொரு நோயாளியாகத் தேடிப்போன ஊழியர்களே. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.