ஆலை நின்ற பின்னும் கூடும் ஊர்கள்

பசிபிக் மாகடலிலுள்ள ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு 1885 முதல் ஜப்பானியர் ஒப்பந்தத் தொழிலாளராக வந்தனர். 1889-இல் ஹீலோவில் ஹொங்வாஞ்சி பௌத்தக் கோயில் ஏற்பட்டது. பின்னர் தோட்டத்து ஊர்களிலும் கோயில்கள் எழுந்தன.

கோயிலையும் தோட்டத்து வரிசை வீடுகளையும் சுற்றியே பொதுவாழ்வு அமைந்தது. பிள்ளைகள் தாய்மொழி கற்றனர். துக்க வீட்டுக் காரியங்களைக் 'குமியாய்' என்னும் அயலார் குழு ஏற்று நடத்தியது. பணமுடைக்கு, நம் ஏலச்சீட்டையொத்த 'தனோமோஷி' கைகொடுத்தது.

கோடையில் வருவது 'போன்' திருவிழா. 'யுகாதா' என்னும் பருத்தியாடை உடுத்து, முன்னோரை நினைந்து, மேடையைச் சுற்றி வட்டமாக ஆடுவர். வார இறுதிதோறும் ஒவ்வொரு கோயிலாக முறைவைத்து நடத்துவதால், ஓரூரார் பிறவூர் விழாவுக்கும் செல்ல இயலுகிறது.

பஹாலா ஊரின் சர்க்கரை ஆலை 1996-இல் நின்றது. ஹவாயின் கடைசிச் சர்க்கரை ஆலை 2016-இல் மூடப்பட்டது. பிழைப்பைத் தேடி இளைஞர் வெளியேற, அங்கத்தினர் குறைந்து சில கோயில்களும் மூடப்பட்டன. எனினும் பல ஊர்களில் விழா தொடர்கிறது. அடுப்படி வேலையையும் பந்தல் வேலையையும் ஊராரே பகிர்ந்து செய்கின்றனர். பிற இனத்தாரும் ஆட்ட வட்டத்திற் சேர்கின்றனர்.

தறிக்கு நூலும் வயலுக்கு நீரும் குறையும் ஆண்டிலும் மகாசபைக்குத் தவறாது வருவதன் பயனை அங்கத்தினர்கள் இதனால் உணரலாம்.