வெள்ளி குறைந்தது, மதிப்பும் சரிந்தது: ரோமானிய தினாரியஸ் நாணயத்தின் கதை

தென்னிந்தியாவில் புதையல்களாகக் கிடைத்துள்ள ரோமானிய வெள்ளி நாணயங்களில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்கள் வெளியிட்டவை. தெலங்கானாவின் அக்கன்பள்ளி முதல் தமிழகத்தின் கொங்குப் பகுதி வரை இதே நிலைதான். கி.பி. 64-க்குப் பிந்தைய வெள்ளி நாணயங்கள் இங்கு அரிது. கடல் வணிகம் அதன் பிறகும் தொடர்ந்த நிலையில், இந்த மாற்றம் ஏன்?

தினாரியஸ் என்பது என்ன?

கி.மு. 211 வாக்கில் ரோமில் அறிமுகமான வெள்ளி நாணயம் தினாரியஸ். அகஸ்டஸ் காலத்தில் 25 தினாரியஸ், 'ஆரியஸ்' எனப்படும் ஒரு தங்க நாணயத்துக்கு ஈடாக இருந்தது. அப்போது அது ஏறத்தாழ தூய வெள்ளியால் ஆனது.

நீரோ செய்த மாற்றம்

கி.பி. 64-இல் பேரரசர் நீரோ, ஒரு ரோமானிய பவுண்டு எடையில் 84 நாணயங்களுக்குப் பதிலாக 96 நாணயங்களை வார்க்கச் செய்தார். வெள்ளியின் தூய்மையும் சுமார் 80 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ரோம் நகரைப் பெருந்தீ அழித்ததும், மறுகட்டுமானச் செலவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பேரரசுக்குள் நாணயத்தின் மதிப்பை அரசு ஆணையே நிர்ணயித்தது. வரி செலுத்தவும் அது செல்லுபடியானது. ஆனால், அந்த ஆணை இந்தியச் சந்தைகளைக் கட்டுப்படுத்தவில்லை. இங்குள்ள வணிகர்கள் நாணயத்தை அதிலுள்ள வெள்ளிக்காகவே ஏற்றனர் என்றும், அதனால் பழைய நாணயங்களையே விரும்பினர் என்றும் நாணயவியல் அறிஞர்கள் பலர் கருதுகின்றனர்.

தொடர்ந்த சரிவு

படைவீரர்களின் ஊதியத்தை உயர்த்திய செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில் தூய்மை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கி.பி. 215-இல் அவருடைய மகன் கரகல்லா புதிய நாணயம் ஒன்றை வெளியிட்டார். 'அந்தோனினியானஸ்' எனப் பின்னாளில் அழைக்கப்படும் அது 2 தினாரியஸ் மதிப்புடையதாகக் கருதப்படுகிறது. எனினும், அதில் இருந்த வெள்ளி சுமார் ஒன்றரை தினாரியஸ் அளவே.

கி.பி. 270-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நாணயத்தில் எஞ்சிய வெள்ளி ஒரு சில சதவீதம் மட்டுமே. மேற்பூச்சு தேய்ந்ததும் செம்பு வெளிப்பட்டது. மக்கள் பழைய நல்ல நாணயங்களைப் பதுக்கினர். விலைவாசி கடுமையாக உயர்ந்தது.

கி.பி. 294 வாக்கில் பேரரசர் டயோக்ளீஷியன் மீண்டும் தூய வெள்ளி நாணயத்தை வெளியிட்டார். ஒரு பவுண்டுக்கு 96 என்ற நீரோ கால எடையே அதற்கும் பின்பற்றப்பட்டது. எனினும், விலையேற்றம் ஓயவில்லை. கி.பி. 301-இல் பொருள்களுக்கு உச்ச விலை நிர்ணயித்து அவர் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.