உங்களுக்குத் தெரியுமா? தீமையைப் படைத்தது யார்?

திருவள்ளூர் மாவட்டத் திருவாலங்காடு, நடராசரின் நடன அரங்குகளில் ஒன்றான இரத்தின சபை. அசுரரை அழித்த காளியே உக்கிரம் தலைக்கேறி ஊரை அச்சுறுத்த, சிவன் அவளோடு நடனமாடி வென்றார் என்கிறது தலபுராணம். அவளைத் துரத்தவில்லை, இன்றும் முதல் வணக்கம் அவளுக்குத்தான்!

காத்தவளே அச்சுறுத்தினால், தீமை எங்கிருந்து வருகிறது? அதைக் கடவுள் படைக்கவில்லை என்கிறது சைவ சித்தாந்தம். செம்பில் களிம்புபோல, ஆணவ மலம் என்ற அழுக்கு தொடக்கமே இல்லாமல் உயிரோடு ஒட்டியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் தந்த சிவஞானபோதம் இம்மரபின் தலைநூல். ஆனால் ஆணவம் கடவுளுக்குப் போட்டியல்ல, வெறும் சடம். துணிச்சலான விடைதான்!

ஜொராஸ்ட்ரிய சமயத்தவரான பார்சிகளின் மரபிலோ தீமைக்கு அங்ரா மைன்யு என்ற தனி ஆவியே உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயிலில் ராயபுரத்தில் இறங்கினால், அவர்களின் 1910ஆம் ஆண்டுத் தீக்கோயிலைப் பார்க்கலாம். வெளியிலிருந்து மட்டும், உள்ளே பார்சிகளுக்கே அனுமதி.