சிறுநீரகக் கல் எவ்வாறு உண்டாகிறது?

சோற்றில் கிடந்த கல்லும் மணலும் வயிற்றில் தங்கியே சிறுநீரகக் கல்லாகிறது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது தவறு. சோற்றுக் கல் குடல் வழியே மலத்தோடு வெளியேறிவிடும். சிறுநீரகத்தினுள் நுழைய அதற்கு வழியே கிடையாது. சிறுநீரகக் கல்லை ஆக்குவது உடலேயாகும்.

உணவு உடலில் கட்டப்படுவதும் சிதைவதுமாகிய வளர்சிதை மாற்றத்தில் பல உப்புகளும் அமிலங்களும் எஞ்சுகின்றன. சிறுநீரகங்கள் அவற்றை இரத்தத்திலிருந்து வடித்து நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. சீனிப் பாகைச் சுண்டக் காய்ச்சி ஆறவிட்டால் கற்கண்டு படிகிறது. அதைப்போலவே, நீர் குறைந்து உப்பு மிகும்போது சிறுநீரிலும் படிகங்கள் தோன்றுகின்றன. அவை ஒட்டி வளர்ந்தால் கல்லாகும்.

பத்தில் ஏழெட்டுக் கற்கள் கால்ஷியம் ஆக்ஸலேட் என்னும் உப்பால் ஆனவை. ஆக்ஸலேட் பசலைக்கீரை போன்ற உணவிலிருந்து வருவதோடு, கல்லீரலிலும் உற்பத்தியாகிறது. 'கல்லில் கால்ஷியம் இருப்பதால் பாலையும் தயிரையும் நிறுத்திவிடலாம்' என்று கருதுவது இயல்பே. ஆனால் உணவிலுள்ள கால்ஷியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பற்றி மலத்தோடு கொண்டுபோகிறது. அதைக் குறைத்தால், தடையின்றி உறிஞ்சப்படும் ஆக்ஸலேட் சிறுநீரில் பெருகும். 2002-ல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஏற்கெனவே கல் கண்ட 120 ஆடவர் ஐந்தாண்டுகள் கவனிக்கப்பட்டனர். கால்ஷியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் உண்டாயிற்று. கால்ஷியத்தை வழக்கம்போல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே உண்டாயிற்று. உப்பு மிகுந்தால் சிறுநீரில் கால்ஷியமும் மிகும்.

மற்றொரு வகை யூரிக் அமிலக் கல். இவ்வமிலத்தை 1776-ல் ஷீலே என்ற விஞ்ஞானி சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்தே கண்டறிந்தார். ஈரல், நெத்திலி முதலியவற்றிலுள்ள ப்யூரின் சிதைந்து இவ்வமிலமாகிறது. சிறுநீர் புளிப்புத்தன்மை அடைந்தால் அது கரையாமல் படிகிறது. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு இப்புளிப்பு எளிதில் ஏற்படும்.

படிகத்தைத் தடுக்கும் பொருளும் சிறுநீரில் உண்டு, அது சிட்ரேட். இறைச்சி மிகுந்தால் அது குறையும். எலுமிச்சைச் சாறு அதைக் கூட்ட உதவும்.

ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற சுங்கை வேயில் 1970களில் தொழிற்சாலைகள் எழுந்தன. வேலை மாறினும் வெப்பம் மாறவில்லை. வியர்வையாக நீர் வெளியேறும்போது, உடல் எஞ்சிய நீரைச் சேமிக்கச் சிறுநீரைக் குறைக்கிறது, உப்போ குறைவதில்லை. வெயிலில் உழைப்போரும், கழிவறைக்குப் போகவேண்டுமே என்று நீரருந்தத் தயங்குவோரும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். 1996-ல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில், ஐந்தாண்டுகள் நீரை மிகுதியாக அருந்தியோரில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் கல் திரும்பி வந்தது.

நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துதல் நன்று. இருதயநோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது. விலாப்புற வலியோடு காய்ச்சலும் கண்டால், கைமருந்தை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே உயிருக்குக் காவல்.