கல்லக்குடிக்கு அடியில் ஒரு பவளக்கடல்

கல்லக்குடி என்றதும் 1953-ஆம் ஆண்டு ரயில் மறியலும், தண்டவாளத்தில் மு.கருணாநிதி படுத்ததும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு இடப்பட்ட டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டம் அது. அந்தப் பெயருக்குக் காரணம் சிமென்ட் ஆலை. ஆலைக்குக் காரணம், மண்ணுக்குள் கிடந்த சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் கதை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் பழையது.

கோண்ட்வானா பெருங்கண்டம் உடைந்து, அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டு இந்தியா விலகியபோது, கிழக்கு ஓரத்து நிலம் பிளந்து தாழ்ந்தது. அப்படி உருவான பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. அதற்குள் கடல் ஏறியது. ஆழம் குறைந்த, வெளிச்சம் புகும் தண்ணீரில் பவள உயிர்கள் குடியேறின. கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தை எடுத்து அவை கூடு கட்டின. பழைய கூடுகள்மேல் புதிய தலைமுறை வளர்ந்தது. அலை உடைத்த துண்டுகளைச் சிவப்புப் பாசிகள் மேலே படர்ந்து ஒட்டிப் பிடித்தன. இப்படி எழுந்த பவளத் திட்டைக் கட்டியதில் பாசிக்கும் பெரும்பங்கு உண்டு. அதனால்தான் நிலவியலாளர்கள் இதைப் பவள-பாசிச் சுண்ணாம்புக்கல் என்கிறார்கள்.

பிறகு கடல் ஆழமானது. சேறு படிந்து திட்டை மூடியது. காரைக் கிராமத்தின் களிமண் மேடுகள் அந்தச் சேறுதான்; சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள் என்ற கடலுயிர்களின் படிமங்கள் அங்கே கிடைக்கின்றன.

இந்த வட்டாரத்தின் புதைபடிமங்கள் 1840-களிலேயே லண்டன் போய்விட்டன. நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் 1862-இல் இப்பாறைகளின் அடுக்குமுறையை வகுத்து வெளியிட்டார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா அவற்றில் புதைந்திருந்த உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். ஆனால் திட்டின் குறுக்குவெட்டை நன்றாகக் காட்டியது ஆலைக்காகத் தோண்டிய சுரங்கமே. காட்டியதும் அதுதான், கரைப்பதும் அதுதான். சுண்ணாம்புக்கல் ஆலையில் களிமண்ணோடு சேர்ந்து சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூடு வரை வேகும்போது, பவளம் அன்று பூட்டிவைத்த கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது. படிமமும் பொடியாகிறது.

சிமென்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கேட்பது, திட்டின் குறுக்குவெட்டு தெரியும் ஒரு சுரங்கச் சுவரை விட்டுவைக்க மட்டும். அருகிலுள்ள சாத்தனூரின் 18 மீட்டர் நீளக் கல்மரத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக வேலியிட்டுக் காக்கிறோம். கடலுக்கே சாட்சியான பாறைக்கும் அந்த அக்கறை வேண்டும். தோண்டி முடித்த குழியில் மழைநீர் தேங்கிவிட்டால் சுவர் மூழ்கிவிடும். ஆகவே எந்தப் பக்கத்தை விட்டுவைப்பது என்பதை, வெடி வைப்பதற்கு முன்பே ஆலையும் நிலவியலாளரும் சேர்ந்து குறித்தாக வேண்டும்.