இளைஞர் குற்றமும் உறவுப் பிணைப்பும்

பிள்ளை ஏன் கெட்டான் என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். கெடாதிருக்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவது யாது என்று கேட்டவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டிராவிஸ் ஹிர்ஷி. தவறான ஆசை எவருக்கும் எழும். வீட்டோடும் பள்ளியோடும் உள்ள பிணைப்பு தளர்ந்தவனே அதன்வழிச் செல்லத் துணிகிறான் என்பது, 1969இல் வெளிவந்த அவர் நூலின் கருத்து.

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் வட்டாரத்தில் 4,000க்கு மேற்பட்ட மாணவர் எழுதிக் கொடுத்த விடைகளை அவர் ஆராய்ந்தார். நீ வெளியே இருக்கையில், எங்கே, யாருடன் இருக்கிறாய் என்பது உன் தாய்க்குத் தெரியுமா என்பது கேள்விகளுள் ஒன்று. தெரியும் என்றவர்களிடையே குற்றம் குறைவு. தாய் நாள் முழுதும் பின்னால் அலைந்தாள் என்பதன்று இதன் பொருள். தவறு செய்யக் கை நீளும் அந்த நொடியில், அம்மா என்ன நினைப்பாள் என்ற எண்ணம் அவன் நெஞ்சில் வந்து நிற்கிறது. மனத்தில் உடனிருக்கும் இந்தப் பெற்றோரே காவல் என்றார் ஹிர்ஷி. தந்தை கூலி வேலை செய்பவராயினும் இந்தக் காவல் குன்றவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்றாலே ஐயுறுவோர் (ஆசிரியரிலும் சிலர் உளர்) இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் எதிர்பார்த்தபடி எல்லாம் அமைந்துவிடவில்லை. விளையாட்டு, பகுதிநேர வேலை என்று பொழுதை நிரப்பினால் போதும் என்ற எண்ணம் பொய்த்தது. திருட எவ்வளவு நேரம் வேண்டும்? ஐந்து நிமிடம் போதுமே! வீட்டுப் பாடத்துக்கு நேரம் ஒதுக்கியவரிடையே குற்றம் குறைந்திருந்தது. பாடம் பள்ளியோடு கட்டுகிறது. பந்து கட்டுவதில்லை போலும். தீய நட்பின் வலிமையைத் தம் கொள்கை குறைத்து மதிப்பிட்டது என்பதையும் அவரே எழுதினார்.

பிணைப்பு பிற்காலத்திலும் முளைக்கலாம். பாஸ்டன் நகரத்து இளங்குற்றவாளிகள் 500 பேரைப் பற்றிய பழைய ஏடுகளை மீண்டும் ஆராய்ந்த சாம்ப்சன், லாப் இருவரும், நிலையான வேலையும் நல்ல இல்லறமும் பலரைத் திருப்பியதாக 1993இல் எழுதினர்.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பதின்மூன்றாம் வயதில், பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரை விட்டுப் பிள்ளை பெரிய இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான். அங்கே பாட மொழியும் வேறு, முகங்களும் வேறு. பழைய ஆசிரியர் முதற் சில மாதங்களில் ஓரிரு முறை வீட்டுப் பக்கம் போய், புதுப் பள்ளி எப்படியடா என்று கேட்டு வருவது வீண் வேலையன்று. நான் ஞாயிறுகளில் லயத்துப் பக்கம் போவதுண்டு. வாசலில் நின்றாலே போதும், பிள்ளை பேசத் தொடங்கிவிடுகிறான்.